நாற்காலிக்கு அடியில் பார்த்துவிட்டு உட்காரவும்

ஃப்ளாரன்ஸில் மத்தியானம் கோயில் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். பார்க்க வேண்டியதைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். உள்ளே போகும்போது சட்டையைக் கழற்றக் கூடாது. தொப்பி இருந்தால் அதைத்தான் கழற்ற வேண்டும். செருப்போடு போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ரொட்டியில் உப்பு இருக்காது. அதற்காகக் கடைக்காரனோடு சண்டைக்குப் போகக் கூடாது, அந்த ஊர் வழக்கமே அதுதான். ஏதாவது சாறு கொடுப்பார்கள், தொட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

அந்த ஊரைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே இவ்வளவும் எனக்கு மனப்பாடம். சொன்னவர், காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த பட்டு சொசைட்டியின் வாட்ச்மேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் காக்கிச் சட்டையோடு விறைப்பாக அவர். ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்தோடு இத்தாலிவரை போய் வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மிலிட்ரிதான். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை.

எனக்கு அங்கே வேலை, புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் கட்டம் போட்ட தாளில் டிசைன் போடுவது. என் ஜன்னல் கேட்டைப் பார்த்து இருந்தது. ஒரு மயிலின் கழுத்தைக் கட்டம் கட்டமாக எண்ணி நிரப்பிக்கொண்டிருப்பேன். வெளியே மிலிட்ரி யாரையாவது ஃப்ளாரன்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். எண்ணிக்கை தப்பிப்போகும். எனக்கு ஆத்திரமாக வரும்.

கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் அவரிடம் கேட்பார்கள்:

"இங்க சாப்பிட நல்ல ஓட்டலு எதுங்க?"

"இங்க எதுலயாவது சாப்ட்டுக்கோங்க," என்பார். "ஆனா பிளாரன்சு போனீங்கன்னா, ஒரே ஒரு எடம்தான். ஆத்துக்கு மேல ஒரு பாலம் இருக்குது. பாலத்து மேலயே தங்க நகைக்கடை, வரிசையா, நம்ம காந்தி ரோட்டுல பட்டுக்கடை இருக்கற மாதிரி. அத்த தாண்டினதும் சோத்தாங்கைப் பக்கம் திரும்பணும். கொஞ்ச தூரம் போனா மூலையில சிங்கமொகக் கொழா ஒண்ணு இருக்கும், வாயால தண்ணி ஊத்தும். அந்தச் சந்துல பச்சக் கதவு. அங்கதான் சாப்பிடணும். வேற எங்கயும் வேணாம்."

செய்யாற்றிலிருந்தோ போளூரிலிருந்தோ வந்தவர்கள் முழிப்பார்கள். பெண்ணின் அப்பா மட்டும் மரியாதைக்குத் தலையை ஆட்டிவைப்பார். சொசைட்டி ஆட்களுக்கு இது தினசரி வேடிக்கை. "இன்னா மிலிட்ரி, பிளாரன்சு பஸ்சு கிளம்பிடுச்சா? செவிலிமேடு வழியாத்தானே போவுது?" என்பான் சாயப்பட்டறை ஆள் ஒருவன். மிலிட்ரி கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

காஞ்சிபுரத்து ஓட்டல்களைப் பற்றி அவர் ஏன் சொல்வதில்லை என்று எனக்கு வெகு நாள் உறைக்கவில்லை. அவற்றை அவர் வெளியிலிருந்துதான் பார்த்திருந்தார். முசரவாக்கத்துக் காலனியில் பிறந்தவர். சின்ன வயதில் டவுனுக்கு வந்தால் கடைக்குப் பின்பக்கம் நிற்க வேண்டும், குவித்த கையில் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பிறகு சட்டம் வந்தது, எல்லோரும் உள்ளே போய் உட்காரலாம் என்று ஆனது. ஆனாலும் அவருக்குக் கால் வரவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு, வாய்யா என்று கூப்பிட வாய் வரவில்லை.

அதனால்தானோ என்னவோ, ஃப்ளாரன்ஸ் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது பண்டத்தைவிட உட்காருவதைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். "உக்காந்துக்கினு சாப்பிடுங்க. நீ யாரு, எந்தத் தெருன்னு ஒருத்தன் கேக்க மாட்டான்."

இதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஊரார் போல நானும் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். அவர் நிறுத்த மாட்டார். குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு அடுத்ததைச் சொல்வார்.

"உக்கார்றதுக்கு முன்னாடி குனிஞ்சு நாக்காலிக்குக் கீழ பாத்துடுங்க. கதவ நேரா நின்னு தெறக்காதீங்க, செவுத்தோரமா ஒதுங்கி நின்னு தள்ளுங்க. வழியில பேனா, பொம்ம, நல்ல பூட்சுன்னு எது கெடந்தாலும் எடுக்காதீங்க. மண்ணுல கால வெக்காதீங்க. கல்லு மேலயே நடங்க."

இதெல்லாம் அந்த நாட்டுச் சாஸ்திரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எங்கள் செயலாளர், "நாம சகுனம் பாக்கற மாதிரி அவங்களுக்கு அது," என்று விளக்கமே கொடுத்தார். நல்ல படிப்பாளி அவர்.

மிலிட்ரியே அந்தச் சாஸ்திரத்தின்படிதான் நடந்தார். தார் ரோட்டின் நடுவில்தான் வருவார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினாலும் ஓரத்து மண்ணில் இறங்க மாட்டார். கருட சேவைக் கூட்டத்தில் ஊரே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடும்போதுகூட அவர் ரோட்டை விட்டு இறங்கியதில்லை. சொசைட்டி வளாகத்தில் கேட்டிலிருந்து ஆபீசு வரை அவர் நடந்து நடந்து ஒரு ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. அதைத் தாண்டி ஒரு எட்டு வைக்க மாட்டார். அவர் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: வயக்காட்டில் மாடு நடந்த தடத்தில்தான் கால் வைப்பாராம். உழுது போட்ட நிலத்துப் பக்கமே போகாததால், கூலி வேலைக்கு லாயக்கில்லாத ஆள் என்று ஊரில் பெயராம்.

ஒரு நாள் செயலாளருக்கு முன்பக்கம் தென்னங்கன்று வைக்கும் ஆசை வந்தது. "மிலிட்ரி, அந்த மூலையில ஒரு குழி தோண்டுப்பா," என்றார். மிலிட்ரி கடப்பாரையை எடுக்கவில்லை. பழைய குடை ஒன்றிலிருந்து ஒரு கம்பியை உருவிக்கொண்டு வந்தார். அந்த மூலையில் மண்ணில் குப்புறப் படுத்தார். கம்பியைச் சாய்வாக, மெல்ல மண்ணுக்குள் விட்டு எடுத்தார். கொஞ்சம் தள்ளி மறுபடி விட்டார். மறுபடி எடுத்தார்.

உள்ளே இருந்தவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். "இன்னா மிலிட்ரி, பொதையலா?" என்று சாயப்பட்டறை ஆள் கிட்டே போனான்.

மிலிட்ரி தலையைத் திருப்பாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். "கிட்ட வராதீங்க. அங்கியே நில்லுங்க."

அந்தக் குரலை அதுவரை நாங்கள் கேட்டதில்லை. அவன் அப்படியே நின்றான். நாங்களும் நின்றோம். வெயில் ஏறியது. காக்கிச் சட்டை முதுகில் நனைந்து கறுத்தது.  சும்மா தென்னங்கன்றுக்குத் தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அவர் எழுந்து, "இப்ப தோண்டலாம்," என்றார்.  செயலாளர் தன் டம்ளரிலேயே தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மிலிட்ரி டம்ளரை வாங்கவில்லை. பழக்கம் போகாமல் குனிந்து கையைக் குவித்தார்.

அது என்ன வேலை என்று எனக்குத் தெரிந்தது அறுபத்தாறில், ஐப்பசி மழையின்போது. பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரி: ஃப்ளாரன்ஸில் ஆறு கரை புரண்டு ஊருக்குள் வெள்ளம். மிலிட்ரி டீக்கடையிலிருந்து அந்தப் பேப்பரைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். என் ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார்.

"படிங்க தம்பி. நல்லா படிங்க. அந்தச் சந்தப் பத்திப் போட்டுக்கிறானா?"

"சந்தப் பத்தியெல்லாம் போட மாட்டாங்கண்ணா. ஊரே முழுகிடுச்சுன்னு போட்டிருக்குது."

"வெள்ளம் வந்தா மண்ண அரிச்சிடும். உள்ள இருக்கறது மேல வந்துடும்," என்றார்.

அன்றைக்குத்தான் உள்ளே கூப்பிட்டு என் பெஞ்சில் உட்கார வைத்தேன். நுனியில் உட்கார்ந்து சொன்னார். ஜெர்மன்காரன் அந்த ஊரை விட்டுப் போகும்போது ஆற்றுப் பாலங்களையெல்லாம் உடைத்துவிட்டுப் போனான், நகைக்கடைப் பாலத்தை மட்டும் விட்டுவிட்டு. அதன் இரண்டு பக்கத்து வீடுகளையும் இடித்துத் தள்ளி, இடிபாட்டுக்குள் வெடி வைத்துவிட்டுப் போனான். இடியாத வீடுகளிலும் வைத்தான், கதவுக்குப் பின்னால், நாற்காலிக்கு அடியில், பொம்மைக்குள். அதையெல்லாம் தேடி எடுப்பதுதான் மிலிட்ரியின் பிரிவுக்கு வேலை. கையில் ஒரு கம்பி, குப்புறப் படுத்து மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

"நல்ல வெயிலு காலம். ஆறு நம்ம பாலாறு மாதிரி கெடக்குது. பச்சக் கதவு சாப்பாட்டுக் கடையாண்ட பசி தாங்கல. ஒரு அம்மா உள்ள இருந்து பாத்தாங்க. எனக்கு அவங்க பாஷ தெரியாது. நம்மூர்ல செய்யறாப்பல வாசப்படிக்கு வெளிய குந்திக்கினு ரெண்டு கையும் குவிச்சு நீட்டினேன். ரொட்டிய அதுல போடுவாங்கன்னு. அவங்களுக்குப் புரியல. எனக்கு இன்னாவோ கால்ல அடி, எழுந்திருக்க முடியாம கைய நீட்டறேன்னு நெனச்சுக்கினாங்க. வந்து என் கையில அவங்க கைய வெச்சு, இழுத்துத் தூக்கிட்டாங்க தம்பி. உள்ள கூட்டிக்கினு போயி மேசையில உக்கார வெச்சு, தட்டு வெச்சாங்க. அந்த ரொட்டியில உப்பு இல்ல. ஆனா நான் அந்த வூட்டு உப்பத் தின்னவன்."

சொல்லிவிட்டு அழுதார்.  பேப்பரை மடித்து அவரிடமே கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் யாரையாவது ஃப்ளாரன்ஸுக்கு அனுப்பும்போது எனக்கு ஆத்திரம் வந்ததில்லை.

எழுபத்து மூன்றோ நான்கோ, அந்த ஊரில் ஒரு கைத்தொழில் கண்காட்சி நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு தறியும் நெய்கிற ஒருவரும் டிசைன் போடுகிற ஒருவரும் போக வேண்டும் என்று தில்லியிலிருந்து உத்தரவு வந்தது. செயலாளர் என் பெயரை எழுதி அனுப்பினார். எந்த ஊர் என்று தெரிந்ததும் சொசைட்டியே கேட்டுக்கு ஓடியது.

"மிலிட்ரி! உன் பஸ்சு வந்துடுச்சுய்யா! நம்ம டிசைன்காரு நெசமாவே போறாரு!"

மிலிட்ரி எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவர் ஃப்ளாரன்ஸைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஓட்டலைக் கேட்டால், "தெரியாதுங்க," என்றார். நான் கேட்டுக்குள் நுழைந்தால் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். போகப்போகாதவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்காக வழி சொன்ன மனுஷன், போகிறவனைக் கண்டு ஒளிந்தால் என்ன அர்த்தம்? எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை எங்கள் தெருவுக்கு வந்தார். எங்கள் தெருவில் யார் வீட்டுக்கும் அவர் வந்ததில்லை. யாரும் வரச் சொன்னதுமில்லை. தெரு நீளத்துக்கு, தறியில் ஏற்றப்போகிற பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பு இழைகள். அதற்கு அந்தப் பக்கம் நின்றார். நான் உள்ளே கூப்பிட்டேன்.

"வேணாம் தம்பி. இங்கியே சொல்லிடறேன்."

பாவு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. சொன்னார்.

"நான் சாப்ட்ட மறுநாளு, பக்கத்துல வெடி கெடச்சுதுன்னு அந்தச் சந்து ஆளுங்கள வெளிய அனுப்பிட்டாங்க. அந்த அம்மா கடைய நான்தான் சுத்தம் பண்ணேன். வெளிய சாவியோட நின்னுக்கினே இருந்தாங்க. கதவு, நாக்காலி, அடுப்பு, தரை, எல்லாம் பாத்தாச்சு. வெடி இல்லன்னு அடையாளத்துக்கு வெள்ள ரிப்பன் கட்டி, போவலாம்னு கையக் காட்டினேன். சிரிச்சுக்கினே உள்ள போனாங்க. நான் லாரியாண்ட வந்தேன். சத்தம் கேட்டுச்சு."

"எங்க?"

"தெரியல. அந்தச் சந்துல. அந்தக் கடையா, பக்கத்து வூடா, தெரியல. திரும்பிப் பாக்க வுடல. லாரி கிளம்பிடுச்சு, வேற ஆத்துக்குப் போயிட்டோம். லாரியில உக்காந்துக்கினு ஒண்ணொண்ணா நெனச்சுப் பாத்தேன். கதவு பாத்தேன், நாக்காலி பாத்தேன்..." விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "மேசையில ஒரு டிராயரு இருந்துச்சு. அத்த நான் தெறக்கல தம்பி. டிராயருக்குள்ள வெக்கறது சின்ன வெடிதான். இழுத்தா, கையோட போனாலும் போவும், ஆளோட போனாலும் போவும்."

 இந்த மனுஷன் இத்தனை வருஷம் எல்லோருக்கும் சொன்னதில் டிராயர் மட்டும் இருந்ததில்லை.

"போயிப் பாருங்க. இருந்தாங்கன்னா வந்து சொல்லுங்க. இல்லேன்னா..." பாவின் இழைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்லேன்னா, வழி தெரியலன்னு சொல்லிடுங்க. நான் புரிஞ்சுக்கறேன்."

ஃப்ளாரன்ஸில் எங்களுக்கு உதவியாக ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். முதல் நாள் அந்த ஊர்க் காப்பிக்கடையில் பெரிய மனிதர்களெல்லாம் நின்றுகொண்டே காப்பி குடிப்பதைப் பார்த்தேன். யாரும் யாரையும் வெளியில் நிறுத்தவில்லை. எல்லோரும் நிற்கிறார்கள், அவ்வளவுதான். மிலிட்ரியை நினைத்துக்கொண்டேன். விடுமுறை நாளன்று அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். பாலத்துக்கு மேல் நகைக்கடைகள் இருந்தன. தாண்டியதும் சோத்தாங்கைப் பக்கம் திரும்பினேன். பாலத்தையொட்டி எல்லாம் புதுக் கட்டடங்கள். எனக்கு பயம், வழி நிஜமாகவே தெரியாமல் போய்விட்டால்? உண்மையைச் சொன்னாலும் அவருக்கு அது சாவுச் செய்தி ஆகிவிடுமே. சிங்கமுகக் குழாயைப் பார்த்ததும் நின்று மூச்சு வாங்கினேன். வாயால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது: செய்யாற்றுக்காரனுக்கும் போளூர்க்காரனுக்கும் அவர் சொன்னதெல்லாம் ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. யாராவது ஒருவன், எப்போதாவது, இந்தக் கதவு வரைக்கும் வந்துவிட மாட்டானா என்றுதான்.

கதவு பச்சையாகவே இருந்தது. உள்ளே சின்னச் சாப்பாட்டுக் கடை, நாலைந்து மேசை. உட்காரும் முன்னால், என்னை அறியாமல் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தேன்.

நிமிர்ந்தபோது ரொட்டிக் கூடையோடு ஒரு வயதான அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அப்புறம் வந்து கூடையை என் முன் வைத்தார், பீச்சாங்கையால். எனக்குச் சுருக்கென்றது. எந்த ஊராக இருந்தால் என்ன, சாப்பிட வந்தவனுக்குப் பீச்சாங்கையாலா போடுவார்கள்? முறைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகுதான் அவருடைய வலது பக்கம் கண் போனது. சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலேயே மடித்து ஊசி குத்தியிருந்தது.

"நாற்காலிக்கு அடியில் பார்க்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறார்," என்றாள் அந்தப் பெண்.

எங்கள் ஊர்க்காரர், பட்டாளத்தில் இருந்தவர் என்றேன். அதை அந்தப் பெண் அவருக்குச் சொன்னாள். அந்த அம்மாள் தன் கடை வாசலுக்குப் போனார். அந்த வயதில், முட்டி வலிக்க, வாசற்படியில் குந்தினார். இடது கையை நீட்டி, காலிச் சட்டைக் கையை அதோடு சேர்த்து வைத்துக் குவிப்பது போலக் காட்டினார். இப்படி நீட்டினாரே, அவரா?

அவர்தான் என்று தலையை ஆட்டினேன்.

பட்டாளம் கிளம்புகிறது என்று தெரிந்ததும், அவருக்குக் கொடுத்தனுப்ப ரொட்டி அறுக்கலாம் என்று டிராயரிலிருந்து கத்தியை எடுக்கப் போனாராம். அவ்வளவுதான் சொன்னார். பிறகு சட்டைக் கையை ஒருமுறை காட்டி, உதட்டில் விரலை வைத்தார். இதை அவரிடம் சொல்லாதே. அப்புறம் மேசையைத் தட்டினார். அதே மேசைதான், வரச் சொல், வந்து உட்காரச் சொல் என்றார்.

ஊர் திரும்பியதும் நேராக சொசைட்டிக்குப் போனேன். ஸ்டூலில் வேறு ஆள். நான் வருகிற நாள் தெரிந்ததிலிருந்து மிலிட்ரி வேலைக்கே வரவில்லை என்றார்கள். முசரவாக்கத்துக்கு பஸ் ஏறினேன். "அதோ, கெணத்தாண்ட இருக்காருங்க," என்றார் அவர் சம்சாரம்.

கோடை மழை ஒன்று பெய்திருந்தது, நிலத்தை ஏரோட்டிப் போட்டிருந்தார்கள். கிணற்று மேட்டில் நின்றவர் வரப்பில் வருகிற என்னைப் பார்த்தார். பார்த்ததும் திரும்பி ஓடினார். வரப்பில் இல்லை. உழுது போட்ட நிலத்துக்குள் குறுக்கே, கால் புதையப் புதைய ஓடினார்.

"வழி தெரிஞ்சுதுண்ணா!" என்று கத்தினேன். நிற்கவில்லை. "இருக்காங்கண்ணா! அந்தம்மா இருக்காங்க!"

நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே வெகு நேரம் நின்றார். பிறகு மெல்லக் குனிந்து தன் காலைப் பார்த்தார். சுற்றி நாலா பக்கமும் பார்த்தார். எல்லாம் புது மண். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கியபடியே நின்றார்.

நான் நிலத்தில் இறங்கினேன். "வராதீங்க தம்பி. அங்கியே நில்லுங்க," என்றார். அதே குரல். நான் நிற்கவில்லை. அவர் காலடி பதிந்த இடத்திலேயே என் காலை வைத்து வைத்து அவர்வரை போனேன். கையைப் பிடித்தேன்.  அதே தடத்தில் பின்னால் நடத்திக் கூட்டிவந்து வரப்பில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா போட்டாங்க?" என்று கேட்டார்.

"ரொட்டிதான். உப்பே இல்லண்ணா."

"இருக்காது." லேசாகச் சிரித்தார். "உக்காந்து சாப்ட்டீங்களா?"

"உக்காந்துதான். கீழ பாத்துட்டு உக்காந்தேன். உங்கள வரச் சொன்னாங்க. அதே மேசைதானாம்."

ஒரு மண்கட்டியை எடுத்து விரல்களால் பொடித்துக்கொண்டே இருந்தார். எல்லாம் உதிர்ந்த பிறகு கேட்டார்.

"எந்தக் கையால போட்டாங்க?"

"சோத்தாங்கையாலதான்," என்றேன்.

"சரி தம்பி," என்றார்.

பொய்தான். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டது, நான் சொன்னேன். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அடுத்த வாரம் மிலிட்ரி வேலைக்கு வந்துவிட்டார். பழைய விறைப்போடு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃப்ளாரன்ஸைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான் நிம்மதியாக டிசைன் போட்டேன். மனுஷன் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம், அவர் வழக்கம்போல அந்தத் தென்னைக்கு அடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டார். இடது கையால் சோற்றைப் பிசைந்தார். வாய்க்குப் போகுமுன் பாதி சிந்தியது. சட்டையெல்லாம் குழம்பு. ஒரு சின்னக் குழந்தை சாப்பிடப் பழகுவது போல, பொறுமையாக அடுத்த வாயைப் பிசைந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கையால் போட்டார்கள் என்று ஒருவர் கேட்டால், ஏன் கேக்கறீங்க என்றுதானே யாரும் திருப்பிக் கேட்பார்கள்? நான் கேட்கவில்லை. சட்டென்று பதில் சொல்லிவிட்டேன்.

சாயப்பட்டறை ஆள் அவரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "த்தூ, இன்னா மிலிட்ரி, பீச்சாங்கையால துன்ற? சோத்தாங்கைக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலப்பா," என்றார் மிலிட்ரி. "என் கைக்கு ஒண்ணும் ஆவல."

வேலையிலிருந்து நின்று போகிற வரைக்கும் அப்படியேதான் சாப்பிட்டார்.